டர்போ டைமர்: சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓட வேண்டுமா?

டர்போ எஞ்சின் உள்ள கார் வைத்திருப்பவர் காதில் என்றாவது ஒருநாள் இந்த அறிவுரை விழும்: "வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்துவிடாதீர்கள், டர்போ கெட்டுவிடும்." கூடவே ஒரு யோசனையும் வரும். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைக்கும் டர்போ டைமர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் அந்தக் கவலையே இல்லையாம். காருடன் வந்த கையேட்டைப் புரட்டினால் அப்படி ஒரு சாதனத்தின் பெயரே இருக்காது. சில கையேடுகள் நெடும்பயணத்துக்குப் பிறகு ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிடச் சொல்லும். சில அதையும் சொல்லாது.

இரு தரப்பிலும் பொய் இல்லை. அறிவுரை ஒரு தலைமுறை டர்போவுக்குப் பொருந்தும்; கையேடு அடுத்த தலைமுறைக்குப் பொருந்தும். தன் காரில் இருப்பது எது என்று பார்க்காமல் டைமர் மாட்டுகிறவருக்குப் பணம் மட்டும் வீணானால் நல்லது. மோசமாக மாட்டிய டைமர், டர்போவைக் காப்பாற்றுகிறேன் என்று காரையே உருட்டிவிடக்கூடும்.

டர்போவுக்குள் நடப்பது

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் வெப்பமும் அழுத்தமும் மிச்சமிருக்கின்றன. சாதாரண எஞ்சின் அவற்றைச் சைலன்சர் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. டர்போ அந்த மிச்சத்தைக் கொண்டு டர்பைன் என்ற சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருப்பது கம்ப்ரசர் சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் திணிக்கிறது. உள்ளே போகும் காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். சிறிய எஞ்சினிடமிருந்து பெரிய எஞ்சினின் வேலையை வாங்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. அந்தத் தண்டின் நிலைமைதான் கடினம். சிறிய கார்களின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள்கூடச் சுழலும். முழு விசையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினில் டர்பைனைத் தாக்கும் புகையின் வெப்பம் 950 டிகிரி செல்சியஸைத் தொடும். டீசலில் 800 டிகிரியை ஒட்டி இருக்கும். மறுமுனையில் சாதாரண வெளிக்காற்று. ஒரு பக்கம் கொல்லன் உலை, மறுபக்கம் திறந்த ஜன்னல். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நீள இடத்தில், தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்.

பெரும்பாலான டர்போக்களில் அந்த பேரிங் குண்டு பேரிங் அல்ல. அது ஓர் உலோக வளையம். தண்டுக்கும் வளையத்துக்கும் இடையே தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. தண்டு மிதப்பது அந்தப் படலத்தின் மேல்தான். எஞ்சின் ஆயில் பம்பிலிருந்து வரும் எண்ணெய் அங்கே இரண்டு வேலை செய்கிறது: உராய்வைத் தடுக்கிறது, வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. முதல் வேலையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். டைமர் பிறந்ததோ இரண்டாவது வேலையை முன்னிட்டு.

எஞ்சின் நின்ற பிறகு ஏறும் சூடு

அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டி கையைச் சுடும். டர்போவில் நடப்பதும் அதுதான். ஆனால் சேதம் எப்படி வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் தீர்வு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

1. எஞ்சினை அணைத்ததும் ஆயில் பம்ப் நிற்கிறது. பேரிங்கைச் சுற்றி இருந்த எண்ணெயில் பெரும்பகுதி கீழே வடிந்துவிடும். கொஞ்சம் அங்கேயே தங்கும்.

2. டர்பைனும் அதன் கனத்த உறையும் இன்னும் தகித்துக்கொண்டிருக்கின்றன. அந்த வெப்பத்துக்கு இப்போது போக்கிடம் நடுப்பகுதி. அதனால் எஞ்சின் ஓடும்போது இருந்ததைவிட, நின்ற சில நிமிடங்களில் பேரிங் பகுதியின் சூடு கூடுகிறது. ஓடும்போது இதைத் தடுத்தது எண்ணெயின் ஓட்டம். அது இப்போது இல்லை.

3. தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் சிதைந்து, கெட்டியான கரியாகிறது. மெக்கானிக்குகள் இதைக் கோக்கிங் என்பார்கள்.

4. ஒருநாள் படிந்த கரியால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் கரி உதிர்ந்து பேரிங்கைத் தேய்க்கும், அல்லது டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயைக் குறுக்கும். குழாய் குறுகினால் எஞ்சின் ஓடும்போதே தண்டுக்கு எண்ணெய் போதாது. டர்போவின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டம்தான்.

எண்ணெயின் தரத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சிந்தெடிக் எண்ணெய் சாதாரண மினரல் எண்ணெயைவிடச் சூட்டை அதிகம் தாங்கும். கரியும் குறைவாகவே விடும். டர்போவில் படியும் கரியை அளப்பதற்கென்றே டியோஸ்ட் என்ற ஆய்வகச் சோதனை ஒன்று இருக்கிறது. ஓர் உலோகக் கம்பியை 200 டிகிரிக்கும் 480 டிகிரிக்கும் இடையே மாறி மாறிச் சூடேற்றி, அதன்மேல் எண்ணெயை ஓடவிட்டு, கடைசியில் எத்தனை மில்லிகிராம் கரி ஒட்டியிருக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். எண்ணெயைக் காலத்தில் மாற்றாதவருக்கு எந்த டைமரும் உதவாது. பழைய, கறுத்த எண்ணெய் ஏற்கெனவே கரியாகும் பாதையில் பாதி வழியில் இருக்கிறது.

ஒரு பழைய பயம்

"அணைத்ததும் டர்போ எண்ணெய் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் தேய்ந்துவிடும்" என்பதுதான் அதிகம் கேட்கும் காரணம். இதில் உண்மை கால்வாசி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டர்போவின் வேகம் விழுந்துவிடுகிறது. காரை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கைபிரேக்கை இழுக்கும் நேரத்தில் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் மெதுவான வேகத்தில், இருக்கும். டர்போ அப்போது உச்ச வேகத்தின் ஒரு சிறு பங்கில்தான் சுழலும். அந்த வேகத்திலிருந்து தண்டு சில நொடிகளில் நின்றுவிடும். அதற்குத் தேவையான எண்ணெய் பேரிங்கில் மிச்சமிருக்கும்.

உண்மையில் கெடுதல் செய்வது வேறொரு பழக்கம்: நின்ற இடத்தில் ஒருமுறை எஞ்சினை உறுமவிட்டு, உறுமல் அடங்குமுன் சாவியைத் திருப்புவது. டைமர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பழக்கத்துக்கு மன்னிப்பு இல்லை.

டைமர் என்ன செய்கிறது?

சாவியை அணைக்கும் நிலைக்குத் திருப்பினால் வழக்கமாக இக்னிஷன் கம்பிகளில் மின்சாரம் நின்றுவிடும், எஞ்சினும் நிற்கும். டைமர் இக்னிஷன் ஸ்விட்சுக்கும் காரின் ஒயரிங்குக்கும் நடுவே உட்காருகிறது. சாவி திரும்பியதும், பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரத்தைத் தன் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வழியாக இக்னிஷன் கம்பிகளுக்குத் தொடர்ந்து கொடுக்கிறது. காரைப் பொறுத்தவரை சாவி இன்னும் ஓடும் நிலையில்தான் இருக்கிறது. குறித்த நேரம் முடிந்ததும் ரிலே திறந்துகொள்ளும், எஞ்சின் நிற்கும்.

அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் ஐடிலில் வரும் புகை ஒப்பீட்டளவில் குளிர்ச்சியானது. டர்பைன் உறை மெதுவாக ஆறும். பேரிங்கின் வெப்பத்தை ஓடும் எண்ணெய் எடுத்துப்போகும். மேலே சொன்ன இரண்டாவது படியின் கூர்மை இப்படித்தான் குறைகிறது. காரில் உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தாலும் இதே பலன்தான்.

எளிய டைமர்களில் நேரத்தை நாமே குறிக்கவேண்டும். விலை கூடியவை, எஞ்சின் எவ்வளவு உழைத்தது என்பதைச் சுழல்வேகத்தை வைத்துக் கணித்து நேரத்தைத் தாமே முடிவு செய்யும்.

உங்கள் காருக்குத் தேவையா?

முதல் டர்போ பயணிகள் கார்கள் அமெரிக்காவில் 1962-இல் வந்தன: ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர். சாப் 99 டர்போ போன்ற கார்களால் 1970-களின் இறுதியில் டர்போ குடும்பக் காருக்குள்ளும் நுழைந்தது. அந்தக் காலத்து டர்போக்களைக் குளிர்வித்தது எண்ணெய் மட்டுமே. "உடனே அணைக்காதே" என்ற விதி பிறந்தது அங்கேதான். ஜப்பானின் எச்கேஎஸ், பிளிட்ஸ் போன்ற உதிரிபாக நிறுவனங்கள் டைமரைப் பரவலாக்கியதும் அந்த விதியின் நிழலில்தான்.

1980-களில் பொறியாளர்கள் டர்போவின் நடு உறைக்குள் ரேடியேட்டர் தண்ணீரை, அதாவது கூலன்டை, ஓடவிட்டார்கள். இதன் அழகு எஞ்சின் நின்ற பிறகுதான் தெரியும். பேரிங் உறையில் சூடாகும் கூலன்ட் மேலே எழும். குளிர்ந்தது அதன் இடத்துக்கு வரும். பம்ப் இல்லாமலே ஒரு மெல்லிய சுற்றோட்டம் நடக்கும். சுபாரு தன் டர்போ எஞ்சின்களில் கூலன்ட் தொட்டியை உயரத்தில் வைத்ததும் இந்த இயல்பான ஓட்டத்துக்குத்தான். அடுத்த படியாக மின்சாரப் பம்ப் வந்தது. ஃபோக்ஸ்வாகனின் 1.4 டிஎஸ்ஐ எஞ்சினில் அது எஞ்சின் நின்ற பிறகும் 15 நிமிடம் வரை ஓடக்கூடியது. நிறுத்திய காரின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய முனகல் கேட்டால் பழுது என்று பயப்பட வேண்டாம். தொழிற்சாலையே மாட்டி அனுப்பிய டர்போ டைமர் அது. எஞ்சினை ஓடவிடாமல் வேலையைச் செய்கிறது.

புகை வெளியேறும் குழாய்களையே எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் வார்த்து, கூலன்டால் குளிர்விக்கும் எஞ்சின்களும் உண்டு, ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் ஓர் எடுத்துக்காட்டு. சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதியோடு வரும் டர்போ கார்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தயாரித்தவரே அந்த எஞ்சினை ஒரு பயணத்தில் பத்து முறை அணைக்கிறார்.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

1. டர்போவுக்குக் கூலன்ட் குழாய்கள் போகின்றனவா? நடு உறையில் மேலிருந்து எண்ணெய் வரும், கீழே எண்ணெய் வடியும். இவை தவிர பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் இருந்தால் அது கூலன்ட். இருந்தால், அன்றாடப் பயன்பாட்டுக்கு டைமர் தேவையில்லை. டீசல் டர்போக்கள் பலவற்றில் இன்றும் எண்ணெய் மட்டும்தான். ஆனால் டீசல் புகையின் சூடு குறைவு என்பதால் அவை ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன.

2. கார் எப்படி ஓட்டப்படுகிறது? பந்தயத்தடத்தில் விரட்டி ஓட்டுவது, மலைப்பாதையில் பாரம் இழுத்து ஏறி உச்சியில் நிறுத்துவது, நெடுஞ்சாலை வேகத்திலிருந்து நேராக ஓய்விடத்துக்குள் திரும்புவது: ஆற நேரமில்லாத நிறுத்தங்கள் இவை. ஊருக்குள் மெதுவாக வந்து வீட்டு வாசலில் நிறுத்தும் காரின் டர்போ வரும் வழியிலேயே ஆறிவிட்டது.

3. அந்த ஒரு நிமிடம் காத்திருக்க முடியாதா? முடியும் என்றால் டைமர் வாங்குவதற்கு மீதமிருக்கும் காரணம் வசதி மட்டுமே.

மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு, எண்ணெயால் மட்டும் குளிரும் டர்போவும் கடுமையான ஓட்டமும் ஒன்றாகச் சேரும் கார்களே டைமருக்கு நியாயமான இடமாக மிஞ்சும். இவை எண்ணிக்கையில் சொற்பம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டிய கம்பிகள்

ஸ்டீயரிங் தண்டின் அடியில் இக்னிஷன் ஸ்விட்சின் இணைப்பான் இருக்கும். அதில் பேட்டரியின் நிரந்தரக் கம்பி, இசைக்கருவி போன்றவற்றுக்கான துணைக் கம்பி, ஒன்று அல்லது இரண்டு இக்னிஷன் கம்பிகள், ஸ்டார்ட்டர் கம்பி ஆகியவை சேரும். காரின் மாடலுக்கென்றே செய்த ஹார்னஸ், அதாவது இணைப்பான்களோடு வரும் கம்பிக் கட்டு, கிடைத்தால் அதுதான் நல்லது. இணைப்பானைப் பிரித்து நடுவே சொருகினால் போதும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் ஒவ்வொரு கம்பியையும் மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது.

இக்னிஷன் கம்பிகள் இரண்டு இருந்தால் எஞ்சின் ஓட இரண்டும் தேவைப்படலாம். ஒன்றை மட்டும் டைமரில் சேர்த்தால் எஞ்சின் நின்றுவிடும், அல்லது டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஸ்டார்ட்டர் கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. இந்தக் கம்பிகளில் ஓடுவது சிறு மின்சாரம் அல்ல. கிள்ளிச் சொருகும் மலிவான இணைப்பிகள் காலப்போக்கில் தளர்ந்து சூடாகும். இக்னிஷன் கம்பி தளர்ந்தால் ஓடும் காரில் எஞ்சின் நின்றுபோகும். சரியாகக் கிரிம்ப் செய்த (கருவியால் நசுக்கி இறுக்கிய) இணைப்பும், பேட்டரிக் கம்பியில் ஃபியூஸும் கட்டாயம்.

கைபிரேக் கம்பி: சிறியது, ஆனால் எல்லாம் அதில்தான்

டைமரிலிருந்து கைபிரேக் ஸ்விட்சுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். கைபிரேக் இழுத்திருந்தால் அந்த ஸ்விட்ச் கம்பியை எர்த்துடன், அதாவது காரின் உலோக உடலுடன், இணைக்கும். டைமர் வேலை செய்யும். இறக்கினால் இணைப்பு அறும். டைமர் எஞ்சினை உடனே அணைத்துவிடும். கைபிரேக் வரை கம்பி இழுப்பது கன்சோலைக் கழற்றும் அலுப்பான வேலை. அதனால் சில இடங்களில் அந்தக் கம்பியைப் பக்கத்திலிருக்கும் ஏதோ ஓர் எர்த்தில் நிரந்தரமாக முறுக்கிவிடுகிறார்கள். டைமர் வேலை செய்யும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் போவார். ஆனால் என்ன நடந்திருக்கிறது?

1. கைபிரேக் இழுக்காமலே எஞ்சின் ஆளில்லாமல் ஓடும். எஞ்சின் ஓடும் மேனுவல் காரைக் கியரில் விட்டுப் போக முடியாது. ஆக, சரிவில் காரைப் பிடித்துவைக்க எதுவுமே இல்லை. சாவி எடுக்கப்பட்டதால் ஸ்டீயரிங்கும் பூட்டியிருக்கும். உருளும் காருக்குள் பாய்ந்து ஏறினாலும் திருப்ப முடியாது.

2. விபத்திலோ தீயிலோ சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. ஆபத்து நேரத்தில் எல்லோர் கையும் முதலில் போகும் இடம் சாவிதான். அது இப்போது பொய் சொல்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பல கார்களில் பிரேக் திரவம் குறைந்தாலும் அதே கைபிரேக் விளக்குதான் எரியும். இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்தால், திரவம் குறைந்த காரில் கைபிரேக் இழுத்திருப்பதாக டைமர் தவறாக நினைத்துக்கொள்ளும். ஒயரிங் படத்தைப் பார்த்தபிறகே இணைக்க வேண்டும்.

சரியாகப் பொருத்தினாலும் மேனுவல் காரில் ஒரு குறை மிஞ்சுகிறது. டைமரோடு நிறுத்தும் கார் எப்போதும் நியூட்ரலில், கைபிரேக்கை மட்டும் நம்பி நிற்கும். சரிவில் நிறுத்தும்போது டைமரை ரத்துசெய்து, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் பார்க் நிலை இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

பட்டன் அழுத்திக் கிளப்பும் கார்களில் இக்னிஷன் ஸ்விட்ச் என்ற தனி உறுப்பே இல்லை. கட்டளைகள் கணினிகளுக்கிடையே செய்திகளாகப் போகின்றன. அங்கே பழைய பாணி டைமரைச் சொருக இடமும் இல்லை. அப்படிப்பட்ட காருக்கு அநேகமாகத் தேவையும் இல்லை.

எவ்வளவு நேரம்?

அன்றாட ஓட்டத்துக்கு 30 நொடி தாராளம். நெடுஞ்சாலை வேகத்திலிருந்து நேராக நின்றால் ஒரு நிமிடம். விரட்டி ஓட்டிய பிறகோ பாரம் இழுத்த பிறகோ இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஐந்து, பத்து என்று வைப்பதில் லாபமில்லை. நீண்ட ஐடிலில் டர்பைன் பக்கத்து அழுத்தம் குறைந்து, சீல் வழியாக எண்ணெய் கசியவும் வாய்ப்புண்டு. வந்து சேருமுன் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை அவசரமில்லாமல் ஓட்டினால் நின்றபடி ஆறவைப்பதைவிட நன்றாக ஆறும். கூலன்ட் ஓட்டமும் எண்ணெய் அழுத்தமும் ஐடிலைவிட அப்போது அதிகம். முன்னால் காற்றும் வீசுகிறது.

சட்டம், திருட்டு, புகை

ஆளில்லாமல் எஞ்சினை ஓடவிடுவது பல நாடுகளின் போக்குவரத்துச் சட்டத்தில் குற்றம். அந்த நேரத்தில் கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் ஆயிரம் கேள்வி கேட்கும். டைமர் ஓடும்வரை காரின் திருட்டு அலாரமும் முழுதாக விழித்துக்கொள்ளாமல் இருக்கக்கூடும். பெட்ரோல் பங்கில் சாவியை எடுத்துவிட்டு இறங்குபவருக்கு, பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது மறந்தே போகும். ரத்து பட்டன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியது அதற்காகத்தான். மூடிய கராஜ் எல்லாவற்றையும்விட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜில் டைமர் கூடவே கூடாது.

பொருத்தி முடித்ததும்

கடையை விட்டுக் கிளம்புமுன், சமதளத்தில் மூன்று சோதனைகள் போதும். கைபிரேக்கை இழுத்துச் சாவியை எடுங்கள்: எஞ்சின் குறித்த நேரம் ஓடி நிற்க வேண்டும். மறுபடி கிளப்பி, சாவியை எடுத்து, ரத்து பட்டனை அழுத்துங்கள்: அந்தக் கணமே நிற்க வேண்டும். மூன்றாவது முறை, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கால் பிரேக்கில் இருக்க, டைமர் ஓடும்போது கைபிரேக்கை இறக்குங்கள். எஞ்சின் உடனே நிற்காவிட்டால் அந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது என்று மெக்கானிக் காட்டும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள்.